சுக்கோத் பண்டிகை: பிறந்த கதையும் படிப்படியாகக் கொண்டாடும் முறையும்

யூத ஆண்டிலேயே மிகக் கடினமான நாள் யோம் கிப்பூர். சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து மறுநாள் இருட்டும் வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், சாப்பாடும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பகல் முழுக்க ஜெப ஆலயத்தில் நின்று பாவமன்னிப்பு கேட்டவர்கள், வீட்டுக்கு வந்து உபவாசத்தை முடித்த கையோடு சுத்தியலும் மரச்சட்டமும் எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஒரு கட்டளையை முடித்தவுடன் அடுத்த கட்டளையில் கை வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். அதனால் அன்றிரவே குடிலுக்கு ஒரு கம்பாவது நட்டுவிடுவார்கள். ஐந்தாம் நாள் சுக்கோத்.

தமிழ் விவிலியத்தில் இதன் பெயர் கூடாரப் பண்டிகை. கூடாரம் என்றதும் துணிக்கூடாரத்தை நினைக்க வேண்டாம். கட்டுவது தழை வேய்ந்த குடில். அதற்குப் பெயர் சுக்கா. ஏழு நாள் அதில்தான் சாப்பாடு, பேச்சு, படிப்பு, முடிந்தால் தூக்கமும். திஷ்ரி மாதம் 15-ஆம் தேதி, பௌர்ணமியன்று தொடங்கும். யூத நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றி, 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வதால், நம் தேதியில் செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் பிற்பகுதிக்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். 2026-இல் செப்டம்பர் 25 மாலை தொடக்கம்.

களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, உறுதியான வீட்டை விட்டு ஒழுகும் கூரைக்குக் கீழே வந்து உட்காரச் சொல்கிறது இந்தப் பண்டிகை. கூடவே, 'சந்தோஷமாக இரு' என்று கட்டளையும் இடுகிறது. சுக்கோத்தின் விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றத்தான் என்பது என் எண்ணம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால், சின்னச் சின்ன விதிகள்கூட ஏன் இப்படி இருக்கின்றன என்று புரியும்.

எங்கிருந்து வந்தது

அடிப்படையில் இது அறுவடைத் திருநாள். விவிலியத்தின் யாத்திராகம நூல் இதை ஆண்டு முடிவில் வரும் சேர்ப்புப் பண்டிகை என்கிறது. உபாகமம் 16-ஆம் அதிகாரம், களத்துத் தானியமும் ஆலையின் திராட்சரசமும் சேர்ந்த பிறகு ஏழு நாள் கொண்டாடச் சொல்கிறது. திராட்சை, ஒலிவம், பேரீச்சை எல்லாம் கைக்கு வந்து, அடுத்த மழைக்கு முன் கிடைக்கும் இடைவெளி அது. அறுவடைக் காலத்தில் விவசாயிகள் தோட்டத்திலேயே குடில் போட்டுத் தங்கியது பழைய வழக்கம். ஏசாயா முதல் அதிகாரத்திலேயே திராட்சத் தோட்டத்துக் குடிசை வருகிறது. பண்டிகைக் குடில் இதிலிருந்துதான் வந்திருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

லேவியராகமம் 23 வேறு காரணம் சொல்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரைக் கடவுள் குடில்களில் குடியிருக்கச் செய்தார், அது தலைமுறைகளுக்குத் தெரியவேண்டும் என்கிறது. அந்தக் குடில்கள் எப்படிப்பட்டவை என்பதில் பழைய ரபிகளுக்குள், அதாவது யூத மத அறிஞர்களுக்குள், ஒரு விவாதம் உண்டு. அவர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் வருகிறபடி, அவை நிஜமான குடில்களே என்கிறார் ரபி அக்கீவா. இல்லை, பாலைவனத்தில் மக்களைச் சூழ்ந்து காத்த மகிமையின் மேகங்கள் என்கிறார் ரபி எலியேசர். ஒருவர் மனிதன் பட்ட கஷ்டத்தைப் பார்க்கிறார், மற்றவர் கடவுள் தந்த காப்பைப் பார்க்கிறார். இரண்டு கருத்தும் இன்றுவரை பக்கத்துப் பக்கத்தில் படிக்கப்படுகின்றன.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் எஸ்றா வேதத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு, மலைக்குப் போய் ஒலிவக் கிளையும் பேரீச்ச ஓலையும் வெட்டிவந்து, மொட்டை மாடியிலும் முற்றத்திலும் குடில் போட்ட காட்சி நெகேமியா 8-இல் இருக்கிறது.

எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில் சுக்கோத்துக்கு ஈடான திருவிழா கிடையாது. பஸ்கா, வாரங்களின் பண்டிகையான சவுவோத், சுக்கோத் மூன்றும் யாத்திரைப் பண்டிகைகள் என்றாலும், வெறுமனே 'பண்டிகை' என்று சொன்னாலே பழைய நூல்களில் சுக்கோத் என்றுதான் பொருள். தினமும் சீலோவாம் குளத்திலிருந்து பொன் குடுவையில் தண்ணீர் மொண்டு ஊர்வலமாகக் கொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். வரப்போகும் மழைக்கான வேண்டுதல் அது. இரவுகளில் ஆலய முற்றத்தில் ராட்சத விளக்குகள் எரியும். ஆசாரியர்களின் பழைய கால்சட்டைகளைக் கிழித்துத்தான் திரி போட்டார்கள் என்று ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா எழுதிவைத்திருக்கிறது. எருசலேமில் அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லையாம். ஆலயப் பணியாளர்களான லேவியர்கள் 15 படிகளில் நின்று வாத்தியம் வாசிக்க, பெரிய பெரிய அறிஞர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடினார்கள். ரபான் சிமியோன் பென் கமாலியேல் எட்டுத் தீப்பந்தங்களை மாறி மாறித் தூக்கிப்போட்டுப் பிடித்ததாகத் தல்மூத் சொல்கிறது. இந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்காதவன் வாழ்நாளில் சந்தோஷத்தையே பார்க்காதவன் என்பது மிஷ்னாவின் வாக்கு.

சண்டையும் நடந்திருக்கிறது. ஓர் ஆசாரியர் தண்ணீரைப் பலிபீடத்தில் விடாமல் தன் காலில் ஊற்ற, கூட்டம் பண்டிகைக்காகக் கையில் வைத்திருந்த எத்ரோக் எனும் எலுமிச்சை வகைப் பழங்களால் அவரை அடித்ததாக மிஷ்னாவில் ஒரு குறிப்பு. அரசரும் பிரதான ஆசாரியருமான அலெக்ஸாண்டர் யன்னாயுஸை மக்கள் இதே பண்டிகையில் இதே பழத்தால் அடித்தார்கள் என்றும், பதிலுக்கு அவர் சுமார் 6,000 பேரைக் கொன்றார் என்றும் வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார்.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. யோவான் 7-இல் இயேசு எருசலேமுக்கு வருவது இந்தப் பண்டிகைக்குத்தான். தாகமாயிருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று கடைசி நாளில் அவர் கூவியதை, அந்தத் தண்ணீர்ச் சடங்கோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். காட்சி தெளிவாகும்.

கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். பலி, தண்ணீர், விளக்கு எல்லாம் போயிற்று. பண்டிகையும் அதோடு போயிருக்க வேண்டியது. அதுவரை ஆலயத்தில் மட்டும் ஏழு நாளும், மற்ற ஊர்களில் ஒரே நாளும் கையிலேந்திய பேரீச்சங்குருத்தான லூலாவை, இனி எல்லா ஊரிலும் ஏழு நாளும் ஏந்துங்கள் என்று ரபான் யோஹனான் பென் சக்காய் ஏற்பாடு செய்தார். ஆலயத்தில் நடந்தது இப்படித்தான் ஒவ்வொருவர் கைக்கும் வந்தது.

மக்கள் இதை எவ்வளவு விடாப்பிடியாகக் காத்தார்கள் என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. கி.பி. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திய பார் கோக்பா, போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுத வைத்தது. இரண்டு கழுதைகளை அனுப்புகிறேன், அவற்றில் பேரீச்ச ஓலையும் எத்ரோக்கும் ஏற்றி முகாமுக்கு அனுப்பு, மிர்ட்டில், வில்லோ கிளைகளையும் ஏற்பாடு செய் என்கிறது கடிதம். சாக்கடல் பக்கத்துக் குகை ஒன்றில், 1960-61 அகழாய்வில், தொல்லியலாளர் யிகேல் யாதின் குழு அதைக் கண்டெடுத்தது. போர் நடுவே இருந்த படையில் தளபதிக்கு இதுவும் ஒரு கவலையாக இருந்திருக்கிறது.

சரி, இனி செய்முறைக்கு வருவோம்.

படி 1: இடமும் சுவரும்

முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். தலைக்கு மேலே வானம்தான் இருக்க வேண்டும். மரத்தடியில் போட்ட சுக்கா செல்லாது. மேல்மாடி பால்கனிக்குக் கீழே போட்டதும் செல்லாது. இதற்காகவே எருசலேமில் பக்தியுள்ள யூதர்கள் வாழும் பகுதிகளில், ஒரு பால்கனி இன்னொன்றின் நேர்கீழே வராதபடி மாற்றி மாற்றி அமைத்த அடுக்குமாடிகளைப் பார்க்கலாம்.

சுவர் எதனாலும் இருக்கலாம்: பலகை, துணி, உலோகத் தகடு, வீட்டின் பக்கச் சுவரே கூட. குறைந்தது இரண்டு முழுச் சுவரும், மூன்றாவதில் ஒரு பகுதியும் வேண்டும். காற்றில் ஆடும் துணியைச் சுவராக்கினால் நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். யானையைக் கட்டிச் சுவராக்கலாமா என்றுகூடத் தல்மூத் விவாதித்திருக்கிறது. ஆகும் என்பதே முடிவு. யானை செத்து விழுந்தாலும் அதன் உடம்பு பத்துக் கைப்பிடி உயரம் இருக்கும் அல்லவா! சுக்காவின் குறைந்தபட்ச உயரமே பத்துக் கைப்பிடிதான், ஏறக்குறைய 80 முதல் 95 சென்டிமீட்டர். அதிகபட்சம் 20 முழம். அதற்கு மேல் போனால் கூரை கண்ணிலேயே படாது, சுக்காவில் இருக்கிறோம் என்ற நினைவே வராது என்கிறார் ஒரு ரபி. அந்த உயரத்துக்கு நிரந்தரக் கட்டடம்தான் நிற்கும், தற்காலிகக் குடில் நிற்காது என்பது இன்னொருவர் விளக்கம்.

படி 2: கூரை

சுக்காவின் உயிர் கூரையில் இருக்கிறது. இதற்கு ஸ்காக் என்று பெயர். மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும். ஆனால் மண்ணிலிருந்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். படர்ந்திருக்கும் திராட்சைக் கொடியை அப்படியே இழுத்துவிட்டால் ஆகாது. உணவுப் பொருளோ, பாத்திரம், கருவியாகப் பயன்படும் மரமோ கூடாது. பேரீச்ச ஓலை, மூங்கில், நாணல், பைன் கிளை எல்லாம் சரி. கூரையாகப் போடவென்றே நெய்து, ரபிகளின் சான்றிதழோடு விற்கும் மூங்கில் பாய்களும் இப்போது கிடைக்கின்றன.

எவ்வளவு அடர்த்தி? உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் செல்லாது. அதே சமயம், இரவில் இடுக்கு வழியாக நட்சத்திரம் தெரிவது நல்லது. பெருமழை பெய்தாலும் ஒரு சொட்டு இறங்காத அளவுக்குப் போட்டால் அது வீடாகிவிடும், சுக்கா ஆகாது என்பது பல அறிஞர்களின் தீர்ப்பு. ஒழுகவே ஒழுகாத கூரையைச் சட்டம் ஏற்காத இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

வரிசையும் முக்கியம். முதலில் சுவர், அப்புறம்தான் கூரை. ஏற்கெனவே போட்டுக் கிடக்கும் தழைக்கூரைக்குக் கீழே சுவர் எழுப்பினால், கூரையைச் சற்றுத் தூக்கி மறுபடி வைக்க வேண்டும். சுக்கா 'செய்யப்பட' வேண்டும், தானாக அமைந்துவிடக் கூடாது என்பது விதி.

கொச்சி மட்டாஞ்சேரி யூதர்கள் கையருகே கிடைத்த தென்னை ஓலையை வேய்ந்தார்கள். மேற்குக் கரையிலுள்ள கெரிசீம் மலைச் சமாரியர்களின் முறையே வேறு: வீட்டுக்குள், விதானம் முழுக்க மாதுளையும் ஆப்பிளும் எலுமிச்சை வகைகளும் நெருக்கித் தொங்கவிடுவார்கள்.

கூரை முடிந்ததும் அலங்காரம். காகிதச் சங்கிலி, பழங்கள், பிள்ளைகள் வரைந்த படங்கள். இந்த வேலை பெரும்பாலும் குழந்தைகளுடையது. அலங்காரத்துக்குக் கட்டிய பழத்தைப் பண்டிகை முடியும்வரை பறித்துத் தின்னக் கூடாது என்பதை அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 3: நான்கு இனங்கள்

லேவியராகமம் 23:40 சொல்லும் நான்கு: லூலாவ் எனும் விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று; ஹதாஸ் எனும் மிர்ட்டில் கிளை மூன்று; அராவா எனும் வில்லோ கிளை இரண்டு; எத்ரோக் ஒன்று. எத்ரோக் எலுமிச்சைக் குடும்பத்துப் பழம். தோல் தடிமன், மேடு பள்ளமாக இருக்கும். சாறு சொற்பம், மணம் அபாரம்.

பண்டிகைக்கு முந்தைய நாட்களில் எருசலேமிலும் நியூயார்க்கிலும் இதற்கென்றே தற்காலிகச் சந்தைகள் முளைக்கும். எத்ரோக் வாங்குகிறவரைக் கவனியுங்கள். பஞ்சில் பொதிந்த பழத்தை எடுத்து, கண்ணில் நகைக்கடைக்காரர் போல உருப்பெருக்கி வைத்து, காம்பிலிருந்து நுனிவரை மெல்லத் திருப்பிப் பார்ப்பார். நுனியை நோக்கிக் குறுகும் மேல்பாதியில் கரும்புள்ளி ஒன்று இருந்தாலும் தள்ளிவைப்பார். நுனியில் பீத்தாம் என்ற சிறு முனை இருந்து முறிந்திருந்தால் பழம் தகுதியிழக்கும். மரத்திலேயே அது இல்லாமல் வளர்ந்திருந்தால் குற்றமில்லை. மிர்ட்டிலில் மூன்று மூன்று இலையாக ஒரே கணுவில் வருகிறதா, குருத்தின் நடு ஓலை பிளந்திருக்கிறதா என்பதெல்லாம் அடுத்த சோதனைகள். இத்தாலியின் கலாப்ரியா, மொராக்கோ, இஸ்ரேல் என்று ஊருக்கு ஊர் பழத்தின் வடிவம் மாறும். குடும்பத்துக்குக் குடும்பம் பிடிவாதமும் மாறும்.

திருடிய லூலாவ் செல்லாது. முதல் நாளில் இரவலும் செல்லாது, சொந்தமாக இருக்க வேண்டும். அப்படியானால் இல்லாதவர் என்ன செய்வது? கப்பலில் போன நான்கு ரபிகளின் கதை வழி காட்டுகிறது. ரபான் கமாலியேலிடம் மட்டுமே லூலாவ் இருந்தது, ஆயிரம் சூஸ் வெள்ளிக்காசு கொடுத்து வாங்கியது. தன் கடமை முடிந்ததும் அதை ரபி யோசுவாவுக்கு அன்பளிப்பாகவே கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு, அவர் ரபி அக்கீவாவுக்கு, கடைசியில் திரும்ப உரியவருக்கு. 'திருப்பித் தருவாய் என்ற நிபந்தனையோடு அன்பளிப்பு' என்ற இந்த முறையில்தான் இன்றும் ஜெப ஆலயங்களில் ஒரே லூலாவ் பலர் கை மாறுகிறது.

படி 4: முதல் இரவு

இருட்டுவதற்கு முன் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஜெபம் முடிந்து சுக்காவுக்கு வந்ததும் திராட்சரசக் கிண்ணத்தைக் கையிலேந்தி கித்தூஷ் எனும் பண்டிகை ஆசீர்வாதம் சொல்வது முதல் வேலை. அதோடு 'சுக்காவில் குடியிருக்கக் கட்டளையிட்டவர்' என்ற ஆசீர்வாதமும், இந்த வேளைவரை உயிரோடு கொண்டுவந்ததற்கான நன்றியும் சேரும். அப்புறம் கை கழுவி, இரண்டு ஹல்லா ரொட்டிகளை எடுத்து, ஒன்றை வெட்டி, பல வீடுகளில் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

முதல் இரவில் ஒலிவக்காய் அளவு ரொட்டியாவது சுக்காவில் சாப்பிடுவது கட்டாயம். மற்ற நாட்களில் ரொட்டியோ முறையான சாப்பாடோ என்றால் சுக்காவில்தான். தண்ணீரும் பழமும் எங்கும் சாப்பிடலாம். பெண்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களில் எல்லோரும் சேர்ந்தே உட்காருவார்கள்.

மழை வந்தால்? கூழ் கெட்டுப்போகிற அளவுக்கு நனைந்தால் எழுந்து உள்ளே போகலாம் என்கிறது மிஷ்னா. அவதிப்படுகிறவருக்கு விலக்கு உண்டு. சந்தோஷமாக இருக்கச் சொன்ன பண்டிகையில் நடுங்கிக்கொண்டு உட்காருவதில் புண்ணியமில்லை என்ற அளவுக்குச் சட்டம் இரக்கம் காட்டுகிறது.

படி 5: விருந்தாளிகள்

ஒவ்வோர் இரவும் ஒரு முன்னோரை விருந்துக்கு அழைப்பார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது என ஏழு பேர். சோஹர் எனும் யூத மறைஞான நூலிலிருந்து பரவிய இந்த வழக்கத்துக்கு உஷ்பிஜின் என்று பெயர். வரிசை மரபுக்கு மரபு சற்று மாறும்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியின் பங்கு கண்ணெதிரே இருக்கும் ஏழைக்குப் போக வேண்டும் என்பதுதான் இதில் அசல். பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இதில் தயவுதாட்சண்யமே பார்க்கவில்லை. முற்றத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடித்து, ஏழைக்குக் கொடுக்காதவனின் மகிழ்ச்சி கட்டளையின் மகிழ்ச்சி ஆகாது, அது அவன் வயிற்றின் மகிழ்ச்சி என்று எழுதிவிட்டார். சுக்கோத்தைப் பற்றி ஒரே ஒரு வரியை நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

படி 6: லூலாவ் அசைப்பது

காலையில், பகல் வெளிச்சத்தில் செய்வது. பேரீச்சங்குருத்தை நடுவில் வைத்து, அதன் முதுகு நம்மைப் பார்த்திருக்க, வலப்பக்கம் மிர்ட்டில், இடப்பக்கம் வில்லோ என்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கட்டு வலக்கையில், எத்ரோக் இடக்கையில். ஆசீர்வாதம் சொல்லும்வரை எத்ரோக்கைத் தலைகீழாகப் பிடிப்பது வழக்கம். நான்கையும் நேராகச் சேர்த்துப் பிடித்த கணமே கடமை முடிந்துவிடும். ஆசீர்வாதமோ செயலுக்கு முன்னால் வர வேண்டும். சொல்லி முடித்ததும் நிமிர்த்தி, இரு கையையும் சேர்த்து, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேலே, கீழே என ஆறு திசைக்கும் நீட்டி மும்மூன்று முறை அசைப்பார்கள். திசை வரிசை இதுதான் என்பது ஐரோப்பிய யூத மரபான அஷ்கெனாசி முறை, மற்றவர்களுக்கு மாறும். சனிக்கிழமை ஓய்வுநாளில் லூலாவைத் தொடுவதில்லை.

மித்ராஷ் எனும் பழைய வேத விளக்க நூல்களில் வரும் விளக்கம் ஒன்று எல்லாப் பிள்ளைகளும் அறிந்தது. எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும். மிர்ட்டிலுக்கு மணம் மட்டும். வில்லோவுக்கு இரண்டும் இல்லை. கல்வியும் நற்செயலும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், இரண்டும் இல்லாதவர் என மனிதரும் அப்படியே. வில்லோவை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் செல்லாது.

படி 7: ஏழாம் நாள், எட்டாம் நாள்

நடுநாட்கள் பாதி விடுமுறை. ஊர் சுற்றுவது, உறவினர் சுக்காக்களுக்குப் போவது. அந்த வார ஓய்வுநாளில் பிரசங்கி நூல் வாசிப்பது அஷ்கெனாசிகளின் வழக்கம். தினமும் லூலாவோடு ஒரு முறை ஜெப ஆலய மேடையைச் சுற்றி வருவார்கள். ஏழாம் நாள் ஹோஷானா ரப்பா, அன்று ஏழு சுற்று. முடிவில் ஐந்து வில்லோ கிளைகளைக் கட்டித் தரையில் அடிப்பார்கள், இலை உதிரும்.

அடுத்த நாள் செமினி அத்செரெத், தனிப் பண்டிகை. மழைக்கான ஜெபம் இப்போதுதான். ஏழு நாளும் சுக்கா நனையக் கூடாது என்பதால் அதுவரை பொறுத்திருப்பார்கள். இஸ்ரேலில் இதே நாளிலும் வெளிநாட்டில் மறுநாளிலும் சிம்ஹாத் தோரா, அதாவது வேத நூலான தோராவின் மகிழ்ச்சி விழா. உபாகமத்தின் கடைசிப் பகுதியை வாசித்து முடித்து, மூச்சு விடாமல் ஆதியாகமத்தின் முதல் வரிகளைத் தொடங்குவார்கள். தோராச் சுருள்களைத் தோளில் ஏந்தி ஏழு முறை பாடி ஆடிச் சுற்றுவார்கள். 1568-இல் கட்டிய கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில் சுருள்களோடு கட்டடத்துக்கு வெளியேயும் வலம் வருவது தனி மரபாக இருந்தது. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல் நடத்தியது இந்த நாளில்தான். அதற்குப் பிறகு இஸ்ரேலில் இந்த ஆட்டத்தோடு துக்கமும் சேர்ந்தே வருகிறது.

பண்டிகை முடிந்ததும் எத்ரோக்கைச் சிலர் ஜாமாக்குவார்கள், சிலர் கிராம்பு குத்தி ஓய்வுநாள் முடிவுச் சடங்கின் வாசனைப் பொருளாக வைப்பார்கள். காய்ந்த லூலாவைப் பஸ்காவுக்கு முன் புளித்த ரொட்டியை எரிக்கப் பத்திரப்படுத்துவதும் உண்டு.

உங்களை யாராவது அழைத்தால்

யூதர் அல்லாதவரும் சுக்காவுக்கு விருந்தாளியாகப் போகலாம். வீட்டில் சமைத்தது எதையும் கொண்டுபோக வேண்டாம். கோஷர் எனும் யூத உணவு விதிகள் கடுமையானவை. முழுப் பழமோ பூவோ நல்லது. இஸ்ரேலில் முதல் நாளிலும் வெளிநாட்டில் முதல் இரண்டு நாளிலும் பக்தியுள்ள வீடுகளில் போன், கேமரா எடுக்காதீர்கள். அந்த நாட்களில் கொடுக்கும் பொருளை முந்தைய நாளே கொடுத்துவிடுவது வசதி. குளிர் நாடாக இருந்தால் ஸ்வெட்டர் அவசியம். உள்ளே நுழைந்ததும் 'ஹாக் சமேயாஹ்' என்று வாழ்த்துங்கள். கையில் லூலாவைக் கொடுத்தால் எத்ரோக்கின் நுனியைக் கவனமாகப் பிடியுங்கள். அந்த முனை முறிந்தால் அந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வேறு பழம் தேட வேண்டியிருக்கும்.